இடித்த சுவரும் இடியாத வாக்கும்

கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடிக் கோயில் ஸ்ரீவிமானத்தை இடித்துப் புதிதாகக் கட்டும்படி முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். இடிக்குமுன் சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைத்தார்கள். இராசேந்திரனின் 14ஆம் ஆண்டில், 1026 வாக்கில், அவற்றைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். பொன்னும் நிலமும் கொடுத்தவர்களில் பலர் அதற்குள் மறைந்திருப்பார்கள். கேட்க ஆளில்லாத நிலையிலும் அவர்களுக்குத் தந்த வாக்கு காப்பாற்றப்பட்டது. முதுமையில் படுத்துவிட்டால் பார்த்துக்கொள்ள ஒருவர் ஏன் முன்கூட்டியே காப்பீடு எடுக்கிறார் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பயம் எல்லோருக்கும் உண்டு. தனக்கு நினைவு தப்பிய பிறகும் வாக்கு நிற்கும் என்று நம்புகிறவரே பணம் கட்டுகிறார்.

சோழர் காலத்தில் கோயிலில் அணையாமல் எரியும் ஒரு நந்தாவிளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் விடுவார்கள். ஆடுகளை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். செத்த ஆட்டைக் குட்டி ஈடுசெய்யும், முதல் குறையாது. அது புண்ணியத்துக்குச் செய்தது, காப்பீட்டோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நோக்கம் வேறுதான். ஆனால் கடமையைப் பிள்ளைகளின் மனப்போக்குக்கு விடாமல், தனக்குப் பின்னும் இருக்கும் ஓர் அமைப்பிடம் எழுத்தில் ஒப்படைக்கும் முறை ஒன்றே. அந்த முறை உடம்புக்கும் உதவியது. வீரராசேந்திரன் காலத்தில் திருமுக்கூடல் கோயிலில் நடந்த வீரசோழன் ஆதுலர்சாலை என்ற மருத்துவமனையில் 15 படுக்கைகள், வைத்தியர், அறுவை செய்பவர், மருந்து கொடுக்கும் பெண்கள் என எல்லாவற்றுக்கும் நிவந்தம், அதாவது நிலையான கொடை, இருந்தது. பயன் கிடைத்ததோ அங்கே படித்த மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும்தான். வெளியே இருந்தவர் நிலை? 1201இல் திருப்பாம்புரத்தில் பஞ்சத்துக்குத் தப்ப ஒரு வேளாளர் தன்னையும் இரு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். கொடுக்க முதல் இல்லாதவர் தன்னையே கொடுத்தார். இதை மறந்துவிட்டு அந்தக் காலத்தைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளைகள் இருக்கையில் காப்பீடு எதற்கு என்பார்கள். பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி நிலத்தை செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டுத் தவித்தவர்கள் இருப்பதால்தான், 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பராமரிக்கும் நிபந்தனையோடு எழுதியதை அது மீறப்பட்டால் ரத்துசெய்ய வழி வைத்தது. பாசமுள்ள மகளுக்கும் வேலை வெளியூரில் இருக்கும். பக்கவாதம் வந்தவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப்புண் வரும். ஊட்டவும் துடைக்கவும் இரவும் பகலும் ஆள் தேவை. வழக்கமான மெடிக்ளெய்ம் ஆஸ்பத்திரிச் செலவோடு நின்றுவிடும். 1962இல் 20 ரூபாயில் தொடங்கி 2023இல் 1,200 ரூபாயாக வளர்ந்த தமிழ்நாட்டு முதியோர் உதவித்தொகையில் ஒரு வாரம்கூட ஆள் வைக்க முடியாது.

கம்பெனி ஏமாற்றினால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. கோயில் நிவந்தங்களும் எத்தனையோ காணாமல் போயின. அதனால்தான் ஜெர்மனி 1995இலும் ஜப்பான் 2000இலும் இந்தக் காப்பீட்டைச் சட்டக் கடமையாக்கின. ஜப்பானில் 40 வயதிலிருந்தே பங்கு கட்ட வேண்டும். இங்கும் அதுவே வேண்டும்: அரியலூர் சிமென்ட் ஆலையில் மாதச் சம்பளம் வாங்குபவருக்குச் சம்பளத்தில் பிடிக்கலாம், திருமழபாடி வயலில் கூலிக்கு நாற்று நடுபவரின் பங்கை அரசே கட்ட வேண்டும்.