முன்னேற்றத்தை நம்பாத முற்போக்கு இசை

1969ஆம் ஆண்டு ஜூலை 20 அன்று மனிதன் நிலவில் இறங்கினான். அதே மாதத்தில் லண்டனின் வெசெக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில், தோன்றி ஓராண்டுகூட நிறையாத ஓர் இசைக்குழு, இருபத்தோராம் நூற்றாண்டு மனிதனைப் பற்றிய பாடலொன்றைக் கொண்ட தன் முதல் தொகுப்பைப் பதிவுசெய்யத் தொடங்கியிருந்தது. அப்பாடல் காட்டிய வருங்கால மனிதன் விண்வெளி வீரன் அல்லன், மனம் பிளவுண்டவன்.

குழுவின் பெயர் கிங் கிரிம்சன். ‘இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்’ என்ற அத்தொகுப்பு அதே ஆண்டு அக்டோபர் 10 அன்று வெளிவந்தது. ‘புரோகிரசிவ் ராக்’ எனப்படும் இசைவகையின் தொடக்கத்தைப் பேசுவோர் பெரும்பாலும் இதிலிருந்தே பேசுகின்றனர். ‘புரோகிரசிவ்’ என்பதைத் தமிழில் ‘முற்போக்கு’ என்று பெயர்த்தால் நமக்கு உடனே கொள்கைச் சார்பும் இலக்கிய அணியும் நினைவுக்கு வரும். அங்கோ அச்சொல் முதன்மையாக வடிவத்தைக் குறித்தது: மூன்று நிமிடப் பாடலின் எல்லையைக் கடந்து, ஜாஸிலிருந்தும் மேலைச் செவ்வியல் இசையிலிருந்தும் கொள்வன கொண்டு ராக் இசை முன்னே செல்ல வேண்டும் என்பது அதன் பொருள். இத்தொகுப்பின் வடிவம் அவ்வாறே முன்னோக்கி நடக்கிறது. ஆனால் அதன் உள்ளடக்கம், முன்னால் இருப்பதைக் கண்டு அஞ்சுகிறது. இந்த முரணே அதன் ஈர்ப்பு என்பது என் வாசிப்பு.

குழுவினரின் பின்புலம் வடிவத்தை விளக்கும். கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப், பாடகரும் பாஸ் கிட்டார் கலைஞருமான கிரெக் லேக், டிரம்ஸ் வாசித்த மைக்கேல் கைல்ஸ் ஆகிய மூவரும் இங்கிலாந்தின் தென்கரைப் பகுதியிலிருந்து வந்தவர்கள். சாக்சபோன், புல்லாங்குழல், விசைப்பலகை ஆகியவற்றைக் கையாண்ட இயன் மெக்டொனால்ட், ராணுவ இசைக்குழுவில் பயின்றவர். ஐந்தாமவர் பீட்டர் சின்ஃபீல்ட், பாடல்களை எழுதியதோடு மேடை விளக்குகளையும் இயக்கினார். ஜூலை 5 அன்று ஹைட் பூங்காவில் ரோலிங் ஸ்டோன்ஸ் நிகழ்ச்சிக்கு முன்னதாக, லட்சக்கணக்கானோர் முன்னிலையில் இவர்கள் வாசித்தனர். அன்றைய பிரிட்டிஷ் ராக் பெரும்பாலும் அமெரிக்க ப்ளூஸை முதலாகக் கொண்டு வாழ்ந்தது. இவர்களிடம் ப்ளூஸின் சாயல் மிகக் குறைவு.

முதல் பாடலான ‘டுவென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்சாய்ட் மேன்’ மொழியியல் மாணவர் ஒருவரைத் தன் தொடரமைப்பாலேயே நிறுத்திவிடும். அதில் பெயர்ச்சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன; வினைமுற்றுகள் அரிதாகவே தலைகாட்டுகின்றன. இரும்பு, முள்வேலி, அரசியல்வாதிகள், நாபாம் தீ என அடுக்கப்பட்டவை எல்லாம் ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் அந்த மனிதனின் பெயரில் சென்று முட்டுகின்றன. இவற்றுக்கும் அவனுக்கும் என்ன உறவு என்று எந்தப் பயனிலையும் சொல்வதில்லை. வியட்நாம் போர் நாள்தோறும் செய்தியாக வந்த காலத்தில், செய்தித்தாள் தலைப்புகளின் இலக்கணம் இது. பாடும் குரலும் சிதைக்கப்பட்டே ஒலிக்கிறது. இடையில் கிட்டாரும் சாக்சபோனும் டிரம்ஸும் அதிவேகத்தில் ஒன்றாக ஓடி, சட்டென நின்று, மீண்டும் ஒன்றாகப் பாய்கின்றன. சிதைவைப் பற்றிய பாடலில் வாசிப்பு மட்டும் இம்மியும் பிசகுவதில்லை.

இதற்கு நேர்மாறானது ‘எபிடாஃப்’. பெயருக்கேற்ப அது கல்லறை வாசகம் போன்ற பாடல். கட்டுப்பாடற்ற அறிவு மனிதனை எங்கே கொண்டுசெல்லும் என்ற கேள்வியை அது தன்மை ஒருமையில், நாளையைப் பற்றிய அச்சத்தோடு கேட்கிறது. அதன் பின்னணியில் எழும் பெரும் வயலின் வெள்ளம் மெலோட்ரான் என்ற கருவியிலிருந்து வருவது. அதன் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே முன்பே பதிவுசெய்யப்பட்ட ஒலிநாடாத் துண்டு ஒன்று உண்டு. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். ஏறத்தாழ எட்டு நொடிகளில் தீர்ந்துபோகும். விரலை எடுத்தால் தொடக்கத்துக்கே திரும்பும். ஆகவே எந்தச் சுரத்தையும் விரும்பும்வரை நீட்டித்து வைத்திருக்க இயலாது. நாடாவின் ஓட்டத்தில் மெல்லிய தள்ளாட்டமும் கேட்கும். நாம் கேட்பது வயலின்களை அன்று; எப்போதோ வாசிக்கப்பட்ட வயலின்களின் எச்சத்தை. புதிய தொழில்நுட்பம் ஒன்று, முடிந்துபோனதன் குரலாக ஒலிக்கிறது. இறுதிப் பாடலில் விரியும் அரசவையின் பிரமாண்டமும் இதே எட்டு நொடித் துண்டுகளால் கட்டப்பட்டதுதான்.

குறைகள் இல்லாமல் இல்லை. அரசி, விதூடகன் என்று சின்ஃபீல்ட் அடுக்கும் இடைக்காலப் படிமங்கள் சில இடங்களில் வெறும் அலங்காரமாகத் தேய்கின்றன. பன்னிரண்டு நிமிடம் நீளும் ‘மூன்சைல்ட்’ பாடலின் பெரும்பகுதி மனோதர்மமாக வாசிக்கப்பட்ட மெல்லிய ஒலித்துளிகள். பலர் அதைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். எனினும் முதல் பக்கத்தின் பேரிரைச்சலுக்குப் பின் ஏறக்குறைய மௌனத்தையே கேட்கச் சொல்லும் துணிவு அதில் இருக்கிறது.

முன் அட்டையில் குழுவின் பெயரோ தொகுப்பின் தலைப்போ இல்லை. அலறும் ஒரு சிவந்த முகம் மட்டுமே உண்டு. அதை வரைந்த பேரி காட்பர் ஒரு கணினி நிரலாளர். தொகுப்பு பிரிட்டனில் ஐந்தாம் இடத்தையும் அமெரிக்காவில் இருபத்தெட்டாம் இடத்தையும் எட்டியது. ஆனால் அவ்வாண்டு டிசம்பரிலேயே, அமெரிக்கப் பயணத்தின்போது, மெக்டொனால்டும் கைல்ஸும் விலக முடிவெடுத்தனர். அடுத்த ஆண்டு லேக்கும் வேறு குழுவுக்குச் சென்றார். 1970 பிப்ரவரியில் காட்பர் தம் 24ஆம் வயதில் மாரடைப்பால் இறந்தார். ஃபிரிப் புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு அதே பெயரில் தொடர்ந்தார்.

அன்று எதிர்காலமாக இருந்த நூற்றாண்டில்தான் இன்று நாம் வாழ்கிறோம். இத்தொகுப்பை நிறைவேறிய தீர்க்கதரிசனமாகக் கொண்டாடுவது எளிது. ஆனால் அது தன் காலத்தின் போரைக் கண்டு அஞ்சிய இருபது வயதுகளின் இளைஞர்கள் செய்தது. நிலவில் இறங்கிய அறிவும் நாபாம் பொழிந்த அறிவும் ஒன்றுதானே என்று அவர்களை உறுத்திய கேள்விக்கு இன்னும் விடை இல்லை. இதுவரை கேளாத நண்பர்கள், முதல் பக்கத்தின் மூன்று பாடல்களையேனும் இடைநிறுத்தாமல் வரிசையாகக் கேளுங்கள்.