கேட்காமல் வந்த சேவைகள்

வட்டில் இடத்தை மிச்சம் பிடிக்கத்தான் சர்வரில் தேவையானதை மட்டும் போடும் ‘மினிமல்’ நிறுவல் வந்தது என்பது பரவலான எண்ணம். முழுப் பொய்யல்ல. ஆனால் வட்டு விலை மலிந்த பிறகல்லவா அதற்கு மவுசு கூடியது! திருப்பம் நேர்ந்தது 2001இல். அந்த ஜனவரியில் ராமென் என்ற வார்ம், ரெட் ஹாட் லினக்ஸ் 6.2, 7.0 ஓடிய கணினிகளைத் தேடிப் புகுந்தது. கோப்புப் பரிமாற்றத்துக்கும் அச்சு வேலைக்கும் பின்னணியில் ஓடிய சேவைகளே அதற்கு வாசல். போகிற போக்கில் முகப்புப் பக்கத்தில் நூடுல்ஸ் புகழ் வேறு பாடிவிட்டுப் போனது. ஜூலை 19 அன்று கோட் ரெட் என்ற இன்னொரு வார்ம், பதினான்கு மணி நேரத்துக்குள் சுமார் 3,59,000 கணினிகளைப் பிடித்தது. விண்டோஸ் 2000 சர்வரை நிறுவினால் ஐஐஎஸ் வெப் சர்வரும் கூடவே வந்து உட்கார்ந்துவிடும். கோட் ரெட் புகுந்த ஓட்டை அதிலும் ஓர் ஓரத்தில், தேடல் வசதிக்கான ஒரு டிஎல்எல் கோப்பில் இருந்தது. தேடல் சேவை ஓடக்கூட வேண்டாம், ‘.ஐடிஏ’ கோரிக்கைகளை அந்தக் கோப்புக்குத் தள்ளிவிடும் அமைப்பு இருந்தாலே போதும். அக்காலத்து வெப் லாக்குகளில் ‘டீஃபால்ட்.ஐடிஏ’வை அடுத்து வரிசை கட்டி நிற்கும் ‘என்’ எழுத்துகள் அந்த வார்மின் கைரேகை.

பேட்ச் ஜூன் 18 அன்றே வந்துவிட்டது, போடாதது நிர்வாகியின் குற்றம்தானே என்று கேட்கலாம். தன் கணினியில் வெப் சர்வர் ஓடுவதே தெரியாதவர் அதற்கான பேட்சை எங்கே தேடப் போகிறார்? அந்த அக்டோபரில் சான்ஸ் நிறுவனமும் எஃப்பிஐயும் வெளியிட்ட இருபது பலவீனங்களின் பட்டியலே ‘டீஃபால்ட்’ நிறுவலில்தான் தொடங்கியது. பிறகு மென்பொருள் நிறுவனங்கள் வழியை மாற்றிக்கொண்டன. விண்டோஸ் சர்வர் 2003இல் ஐஐஎஸ் தானாக வரவில்லை. 2008இல் டெஸ்க்டாப்பே இல்லாத சர்வர் கோர் வந்தது. கறுப்புக் கட்டளைச் சாளரத்தை மட்டும் வைத்துக்கொண்டு நள்ளிரவில் கோளாறைத் தேடுவது கொடுமை என்று நிர்வாகிகள் முணுமுணுத்தார்கள். அதில் நியாயம் உண்டு. ஒரே ஆள் பார்த்துக்கொள்ளும் சிறு அலுவலகத்தில் முழு நிறுவலைக் குறை சொல்லமாட்டேன். 2012 பதிப்பு முழு நிறுவலுக்கும் சர்வர் கோருக்கும் இடையே மாறிக்கொள்ள விட்டது, 2016 அந்த வசதியைப் பறித்தது.

இன்னும் வலுவான ஆட்சேபம், மினிமல் போட்டாலும் தொலைவிலிருந்து உள்நுழைய எஸ்எஸ்எச் சேவை இருக்குமே என்பது. எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்தில், 2024 மார்ச்சில் அம்பலமான பின்கதவை வைத்தவர்கள் குறிவைத்தது அதைத்தான். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எச்சின் மூல நிரலுக்கு அந்த நூலகம் தேவையே இல்லை. சில லினக்ஸ் விநியோகங்கள் எஸ்எஸ்எச்சைச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியுடன் இணைத்ததால் அந்த நூலகமும் தொற்றிக்கொண்டு வந்தது. அங்கும் நுழைந்தது யாரும் கேட்காத ஒன்றின் வழியாகத்தான்.