.315 வந்த கதை

வேலையில் இருந்த நாளில் ஆயுத லைசென்ஸ் கோப்புகளில் '.315 ரைபிள்' என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஏன் அந்த எண் என்று அப்போது யோசித்ததில்லை.

பட்டாளத்தில் இருந்தது .303 லீ-என்ஃபீல்டு, மேகசினில் 10 தோட்டா. அந்தத் தோட்டா களவு போய் வெளியார் துப்பாக்கிக்கு உதவிவிடக் கூடாதென்று ஆங்கிலேய அரசு அந்த அளவைத் தனியாருக்குத் தடுத்தது. அதனால் வேட்டைத் துப்பாக்கிக்கு ஆஸ்திரியாவின் 8 மி.மீ. மான்லிகர் தோட்டா வந்தது, அதுதான்.315. இஷாப்பூரில் செய்த .315-க்கு அடிப்படை அதே லீ-என்ஃபீல்டு. குழல் மாறியது, மேகசின் 5 தோட்டாவாகச் சுருங்கியது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு 8 மி.மீ. என்றால் லெபெல்தான். இரண்டையும் 8×50 என்றே எழுதுவார்கள். ஆனால் லெபெல் தோட்டாவின் அடி பருமன். ஒன்றுக்கு ஒன்று சேராது.

நான் எழுதிய மூன்று இலக்கத்துக்குள் ஒரு பழைய அரசின் பயம் இருந்திருக்கிறது.