ரிச்மண்ட் சாலை எலும்புக்கூடும் ஒரு புகார் மனுவும்

பெங்களூரு ரிச்மண்ட் சாலை வழக்கு பெரும்பாலும் அதன் கொடூரத்துக்காகவே பேசப்படுகிறது. அடையாளம் காணலின் வரலாற்றில் அதற்குள்ள இடம் கவனம் பெறுவதில்லை.

மைசூர் திவான் சர் மிர்சா இஸ்மாயிலின் பேத்தி ஷகேரே கலீலி 1991 மே இறுதியில் காணாமற்போனார். இரண்டாம் கணவரின் மழுப்பல்களை ஏற்காத மகள் 1992இல் காவல்துறையில் புகார் அளித்தார். 1994 மார்ச்சில், கணவர் காட்டிய இடத்தில், அவ்வீட்டு வளாகத்திலேயே மண்ணுக்கடியில் மரப்பெட்டியொன்றில் எலும்புக்கூடு கிடைத்தது. அணிகலன்களைத் தாய் அடையாளம் காட்டினார். ஆனால் அணிகலன் கழற்றி மாட்டக்கூடியது; உடற்சான்று ஆகாது. எனவே மண்டையோட்டுப் படம் ஷகேரேயின் நிழற்படத்தின்மேல் பொருத்திப் பார்க்கப்பட்டது, டி.என்.ஏ. சோதனையும் நடந்தது.

இம்மேற்பொருத்து முறைக்குப் புகழ் தந்தது 1935ஆம் ஆண்டு ரக்ஸ்டன் வழக்கு. ஸ்காட்லாந்தின் மொஃபாட் அருகே சிதைந்து கிடைத்த இரு பெண்ணுடல்களை கிளெய்ஸ்டர், பிராஷ் முதலிய அறிஞர்கள் இவ்வாறே பிரித்தறிந்தனர். (கொலையாளி பம்பாயில் பிறந்த மருத்துவர்.) இம்முறையின் வலிமை மறுப்பதிலேயே உள்ளது. கண்குழியும் தாடை விளிம்பும் ஒவ்வாவிடில் ‘இவர் அல்லர்’ எனத் துணிந்து கூறலாம். ஒத்தாலோ ‘இவராக இருக்கலாம்’ என்பதோடு நிற்க வேண்டும்.

தவிர, யாருடைய நிழற்படத்தை எடுத்துப் பொருத்துவது என்பதை எலும்பு சொல்லாது. டி.என்.ஏ.வுக்கும் ஒப்பிட உறவினர் ஒருவர் வேண்டும். இவ்வழக்கில் அந்தப் பெயரை முதலில் தந்தது ஆய்வகமன்று, மகளின் புகார்.

2008இல் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுள் முடியும்வரையிலான சிறையாக மாற்றியது. சட்ட வகுப்புகள் அத்தீர்ப்பைத் தண்டனைக்காகவே படிக்கின்றன.