652 பூரண மனிதர்கள்

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு பழைய சங்கடம் உண்டு. குற்றமே இல்லாத கதாநாயகனை வைத்துக்கொண்டு நாலு அத்தியாயத்துக்கு மேல் நகர முடியாது. அவனுக்குக் கோபம் வராது, பொறாமை வராது, சபலம் என்பது கிட்டவே வராது. வாசகர்கள் முதலில் அவனை வணங்குவார்கள். பிறகு கொட்டாவி விடுவார்கள். ஆகவே அவன்மேல் சிறிது அழுக்கைப் பூசித்தான் நாங்கள் வெளியே அனுப்புகிறோம்.

கதையில் இது வெறும் தந்திரம். வாழ்க்கையிலோ இது பெரிய கேள்வி. உடம்போடு உலாவுகிற மனிதன், சாவதற்கு முன்பே, பாவத்தை அடியோடு வென்றுவிட முடியுமா? நம்மவர்களுக்கு 'ஜீவன்முக்தன்' என்ற சொல் பழக்கமானதுதான். அப்படி ஒருவர் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அவரவர் காரியத்தைப் பார்க்கப் போய்விடுகிறோம். கிறிஸ்தவ உலகம் அப்படி விட்டுவிடவில்லை. இந்தக் கேள்விக்காக மகா சபைகள் கூடின, நண்பர்கள் பிரிந்தார்கள். 1763-ம் வருஷத்தில் ஒரு நாள் இரவு லண்டனில் பலர் படுக்கப் போகவே பயந்தார்கள்.

சண்டைக்கு வித்து அவர்களுடைய வேதத்திலேயே இருக்கிறது. மலைப் பிரசங்கத்தில் இயேசுநாதர், பரலோகத் தந்தையைப் போலவே நீங்களும் பூரணமாக இருங்கள் என்று கட்டளை இடுகிறார். யோவான் எழுதிய முதல் நிருபமோ, நம்மிடம் பாவமில்லை என்று சொல்லிக்கொண்டால் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம் என்கிறது. சரி என்று இரண்டு பக்கம் தாண்டினால், அதே நிருபம், கடவுளிடமிருந்து பிறந்தவன் பாவம் செய்வதில்லை என்கிறது! இந்த மூன்றையும் ஒரே நூலில் கோக்கப் பார்த்துத்தான் பெரிய பெரிய மூளைகளெல்லாம் சோர்ந்து போயின.

முதல் பெரிய சண்டை ஐந்தாம் நூற்றாண்டில் நடந்தது. பிரிட்டனிலிருந்து ரோமாபுரிக்கு வந்த பெலேஜியஸ் என்ற துறவி, அங்கே கிறிஸ்தவர்கள் என்று பெயர் சொல்லிக்கொண்டு சுகபோகத்தில் திளைத்தவர்களைக் கண்டு மனம் நொந்தார். அகஸ்டினுடைய நூல் ஒன்றில், நீ கட்டளையிடுவதைச் செய்யும் சக்தியையும் நீயே கொடு என்று கடவுளை வேண்டும் பிரார்த்தனை வருகிறது. அதை ஒருவர் படித்துக் காட்டியபோது பெலேஜியஸுக்குப் பொறுக்கவில்லை. கடவுள் கட்டளையிட்டால் அது மனிதனால் முடியும் என்றுதானே அர்த்தம்? முடியாததை யாராவது கட்டளையிடுவார்களா? அகஸ்டின் தம் வாலிபத்தில் மனத்தோடு போராடித் தோற்றவர். மனிதனுடைய சங்கல்பத்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 418-ல் கார்த்தேஜ் நகரில் கூடிய சபை அகஸ்டின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. எங்கள் குற்றங்களை மன்னியும் என்று புனிதர்கள் வேண்டுவது வெறும் பணிவினால் அல்ல, அவர்களிடமும் குற்றம் இருப்பதனால்தான் என்று அந்தச் சபை விதித்தது.

அத்துடன் கேள்வி அடங்கிவிடவில்லை. பதிமூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு அதை மறுபடியும் தட்டி எழுப்பியவர் ஜான் வெஸ்லி. 1703-ல் எப்வொர்த் என்ற ஊரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்து அங்கேயே ஆசிரியராக இருந்தபோது, தம்பி சார்லஸும் வேறு சில வாலிபர்களும் சேர, நேரம் தவறாமல் ஜபம், உபவாசம், சிறைக் கைதிகளைப் பார்த்து வருதல் என்று ஒழுங்கு வகுத்துக்கொண்டு வாழ்ந்தார். மற்ற மாணவர்கள் கேலியாக வைத்த 'மெதடிஸ்டு' என்ற பெயர் பிற்காலத்தில் ஒரு பெரிய சபைக்கே பெயராகிவிட்டது. 1739 முதல் அவர் கோயில் சுவரை விட்டு வெளியே வந்து, பிரிஸ்டலுக்கு அருகில் கிங்ஸ்வுட்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் திறந்தவெளியில் பிரசங்கம் செய்தார். எந்தக் கோயிலும் வா என்று அழைக்காத ஜனங்கள் அவர்கள்.

அந்த ஜனங்களிடம் போய், "நீங்கள் பாவிகள், அழுங்கள்" என்று மட்டும் அவர் சொல்லவில்லை. நீங்களும் பூரணமாகலாம், இந்த ஜன்மத்திலேயே ஆகலாம் என்றார். லண்டன் அத்தியட்சர் எட்மண்டு கிப்ஸன் இதைக் கேள்விப்பட்டு அவரைக் கூப்பிட்டனுப்பி, பூரணம் என்றால் என்னதான் சொல்கிறீர் என்று விசாரித்தார். வெஸ்லி ஒளிவு மறைவில்லாமல் விளக்கியதைக் கேட்டுவிட்டு, இவ்வளவுதான் விஷயம் என்றால் தாராளமாக ஊரறிய அச்சிடும் என்று சொல்லி அனுப்பினாராம். அப்படி 1741-ல் வெளிவந்ததுதான் 'கிறிஸ்தவ பூரணம்' என்ற பிரசங்கம்.

அவர் சொன்னது இதுதான். பூரணம் அடைந்தவனுக்கும் அறியாமை உண்டு; தவறு நேரும்; வியாதி வரும்; சோதனையும் வரும். ஆனால் கடவுளை முழு உள்ளத்தோடும், அயலானைத் தன்னைப் போலவும் நேசிப்பதைத் தவிர அவன் நெஞ்சில் வேறொன்றும் ஆட்சி செய்யாது. பாவம் என்பது, தெரிந்த கட்டளையைத் தெரிந்தே மீறுவது. தெரியாமல் செய்த பிசகை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இந்த விளக்கம் எல்லாருக்கும் ஒத்துவரவில்லை. 1741 செப்டம்பரில் ஜெர்மானியப் பிரபு ஜின்ஜென்டார்ப் லண்டனில் கிரேஸ் இன் தோட்டத்து நடைபாதையில் வெஸ்லியைச் சந்தித்தார். இருவரும் லத்தீனில் வாதாடினார்கள். கிறிஸ்துவே நம்முடைய பூரணம். நமக்குள்ளே பூரணம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்றார் பிரபு. நாளுக்கு நாள் அன்பு வளர வேண்டாமா என்று கேட்டார் வெஸ்லி. ஒரு காலத்தில் ஒருவரை ஒருவர் சகோதரர் என்று அழைத்தவர்கள், கடைசியில் ஆளுக்கொரு வழியாகப் போனார்கள்.

இருபது வருஷம் சென்றது. 1760-ஐ ஒட்டி வெஸ்லியின் கூட்டங்களில் ஒரு புது அலை எழுந்தது. ஆணும் பெண்ணும் எழுந்து நின்று, என் உள்ளம் சுத்தமாகிவிட்டது, பாவத்தின் வேரே அறுந்துவிட்டது என்று சாட்சி சொல்லத் தொடங்கினார்கள். வெஸ்லி இதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் ஒவ்வொருவரையும் விசாரித்தார். லண்டனில் மட்டும், சந்தேகத்துக்கு இடமில்லாமல் பதில் சொன்னவர்கள் 652 பேர் என்று கணக்கு வைத்திருந்தார். 652 பூரண மனிதர்கள், ஒரே ஊரில்! எந்தப் புராணத்திலும் இவ்வளவு பேரை ஒரே ஊரில் கூட்டியதாக எனக்கு நினைவில்லை.

நிறைகுடம் தளும்பாது என்பார்கள். ஆனால் இந்தக் குடங்கள் தளும்பத் தொடங்கின. தாமஸ் மாக்ஸ்பீல்டு என்பவர் வெஸ்லியின் உதவிப் பிரசங்கி. குருப்பட்டம் இல்லாமலே அவர் பிரசங்கம் செய்கிறார் என்று கேள்விப்பட்டு ஒரு சமயம் வெஸ்லி கோபமாக ஓடி வந்தபோது, தாயார் சூஸன்னா அம்மாள், "முதலில் அவன் பேச்சைக் கேட்டுப் பார்" என்ற பொருளில் சொல்லித் தடுத்தாள். அப்படித் தாய் காப்பாற்றிக் கொடுத்த சீடர் அவர். அவருடைய கூட்டத்தில் தலையெடுத்தவன் ஜார்ஜ் பெல். ராஜாவின் மெய்க்காவல் படையில் கார்ப்பொரல். தான் பூரணம் அடைந்துவிட்டதாக 1761-ல் அறிவித்தவன், வியாதிகளைத் தீர்க்க முயன்றான். குருடர் ஒருவருக்குப் பார்வை கொடுக்கப் போய், அது பலிக்காதபோது, குறை அவருடைய விசுவாசத்தில்தான் என்றான். கடைசியில், 1763 பிப்ரவரி 28-ம் தேதியோடு உலகம் முடியும் என்று நாள் குறித்துவிட்டான்.

லண்டன் ஜனங்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல. 1750-ல் இரண்டு முறை நில அதிர்ச்சி கண்டபிறகு, அதே மெய்க்காவல் படையைச் சேர்ந்த இன்னொரு சிப்பாய், மூன்றாவது அதிர்ச்சியில் ஊரே அழியும் என்று சொல்ல, கும்பல் கும்பலாக ஊரை விட்டு ஓடியிருக்கிறார்கள். இந்தத் தடவையும் பயம் காட்டுத்தீயாகப் பரவியது.

வெஸ்லி என்ன செய்தார்? சில மாதம் பொறுமையாகப் பார்த்தார். பெல்லின் ஜபத்தில் பாதி தெய்வ அருள், பாதி கற்பனைச் சூடு என்று எண்ணினார். உடனே தடுக்காதது தவறு என்று நண்பர்கள் குறை சொன்னார்கள். அவர் கண்டிக்கத் தொடங்கியதும் பூரண கோஷ்டியார் திருப்பிக்கொண்டார்கள். பூரணம் அடையாத ஜான் குருடர், எங்களுக்கு அவர் என்ன போதிப்பது என்று கேட்டுவிட்டுச் சபையின் அங்கத்தினர் சீட்டை வீசி எறிந்தார்கள். பிப்ரவரி தொடக்கத்தில் பெல் சபையை விட்டு விலகினான். அவனுக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று வெஸ்லி பத்திரிகைக்கு எழுதினார்.

பிப்ரவரி 28-ம் தேதி வந்தது. அதற்குள் பெல்லை அதிகாரிகள் கைது செய்துவிட்டார்கள். அன்று மாலை வெஸ்லி ஸ்பிட்டல்பீல்ட்ஸில் பிரசங்கம் செய்தார். கடவுளைச் சந்திக்க எப்போதும் தயாராயிருங்கள், ஆனால் இன்று ராத்திரி உலகம் முடியும் என்பது வெறும் அபத்தம் என்று எடுத்துச் சொன்னார். அப்படியும் பலர் படுக்கவில்லை. சிலர் வயல்வெளியில் அலைந்தார்கள். வெஸ்லி வழக்கமான நேரத்துக்குப் படுத்தார். பத்து மணிக்கெல்லாம் நன்றாகத் தூங்கிப் போனார். மறுநாள் காலை சூரியன் வழக்கம்போல் உதித்தது.

அடுத்து நடந்ததுதான் கஷ்டமானது. ஏப்ரலில் மாக்ஸ்பீல்டு பிரிந்து போனார். அவரோடு சுமார் இருநூறு பேர் போனார்கள். பூரணம் என்ற வார்த்தையே நகைப்புக்கிடமாகிவிட்டது. சாட்சி சொன்னவர்களில் பலர் பழைய நிலைக்கே திரும்பினார்கள். ஒரு தரம் அடைந்தால் இழக்க முடியாது என்று முன்பு நினைத்த வெஸ்லி, இழக்கலாம் என்று எழுதும்படி ஆயிற்று. அண்ணாவோடு சார்லஸுக்கும் ஒத்துப் போகவில்லை. சாகும் தறுவாயில்தான் அந்த நிலை கிட்டும் என்ற பக்கம் அவர் சாய்ந்தார். பூரணத்தை எட்டாத உயரத்தில் கொண்டு போய் வைக்கிறாயே, பிறகு யார்தான் அடைவது என்று ஜான் கடிந்துகொண்டார். ஆனால் 1768-ல் அவரே தம்பிக்கு எழுதிய கடிதம் ஒன்றில், உலகத்தையே எதிர்த்துக்கொண்டு இதைச் சொல்லி வரத்தான் வேண்டுமா, அல்லது சத்தமில்லாமல் விட்டுவிடலாமா என்று கேட்கிறார். பிடிவாதக்காரரான அந்தக் கிழவரின் கை அந்த வரியை எழுதும்போது சற்றுத் தயங்கியிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய சொந்த வாழ்க்கையும் அவரைத் தயங்க வைத்திருக்கக் கூடியதுதான். 1751-ல் அவர் மணந்துகொண்ட மேரி வஸேல் என்ற விதவை அம்மாளுக்கும் அவருக்கும் ஒத்துப் போகவே இல்லை. வருஷம் முழுவதும் குதிரை மேல் ஊர் ஊராகத் திரிகிற புருஷன். அவருக்கு வருகிற கடிதங்களைக் கண்டு சந்தேகப்படுகிற மனைவி. 1771-ல் அந்த அம்மாள் வீட்டை விட்டுப் போனபோது, நான் அனுப்பவில்லை, திரும்பக் கூப்பிடப் போவதும் இல்லை என்ற பொருளில் லத்தீனில் நாட்குறிப்பு எழுதினார். 1781-ல் அவள் இறந்த செய்தி, அடக்கம் முடிந்த பிறகே அவருக்கு எட்டியது. பூரண அன்பைப் பற்றி ஆயிரக்கணக்கானோருக்குப் போதித்தவரின் வீட்டுக்குள் அது நுழையவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். தாம் பூரணம் அடைந்ததாக வெஸ்லி ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. 1767-ல், நான் வரைந்து காட்டுகிற அந்த நிலையை நான் எட்டவில்லை என்று பத்திரிகையிலேயே பகிரங்கமாக எழுதினார். வேறொருவரிடம் அதைக் கண்டதாகத்தான் நம்பினார். ஸ்விட்ஜர்லாந்தில் பிறந்து மேட்லி என்ற சிற்றூரில் பாதிரியாராக இருந்த ஜான் பிளெட்சர் 1785-ல் காலமானபோது, இந்த எண்பது வருஷத்தில் இவருக்கு நிகரானவரை நான் கண்டதில்லை என்று நினைவுப் பிரசங்கத்தில் சொன்னார்.

இவ்வளவு சேதம் விளைவித்த போதனையை அவர் கைவிட்டிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். "நீ எப்படியும் பாவிதான், சாகும்வரை இப்படித்தான் இருப்பாய்" என்று ஒரு குடிகாரனிடம் சொன்னால் அவன் நிம்மதியாக அடுத்த கோப்பையை எடுப்பான். உன்னால் மாற முடியும் என்று ஒருவர் தன்னை நம்பிச் சொன்னதற்காகவே கிங்ஸ்வுட்டில் பலர் குடியையும் சண்டையையும் விட்டார்கள். அடிமை வியாபாரத்தைப் பெரும்பாலோர் சகஜமாக எண்ணியிருந்த காலத்தில், 1774-லேயே வெஸ்லி அதைக் கண்டித்துப் புத்தகம் போட்டார். 1791 மார்ச்சில் இறப்பதற்கு ஆறு நாள் முன்பு, அந்த வியாபாரத்தை ஒழிக்கப் பாராளுமன்றத்தில் போராடிய வில்பர்போர்ஸுக்குத் தைரியம் சொல்லிக் கடிதம் எழுதினார். மனிதன் மாற மாட்டான் என்று தீர்த்துவிட்டவர் அந்த வயதில் பேனாவைத் தொட்டிருப்பாரா?

அகஸ்டின் சொன்னது மனித சுபாவத்தின் உண்மை. வெஸ்லி சொன்னது மனிதனுக்குத் தேவையான நம்பிக்கை. முன்னது மட்டும் இருந்தால் சோம்பல் வரும். பின்னது மட்டும் இருந்தால் ஜார்ஜ் பெல் வருவான். பூரணத்தைத் தேடினவர்களால் உலகத்துக்குப் பெரிய தீங்கு எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று ஊரைக் கூட்டினவர்களால்தான் வந்தது.

வெஸ்லியின் சபையார் 1817-ல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கும் வந்தார்கள். ராயப்பேட்டையில் அவர் பெயரால் ஒரு கோயில் இருக்கிறது. குருப்பட்டத்துக்கு வருகிறவர்களிடம் கேட்பதற்காக வெஸ்லி வகுத்த கேள்விகளை அமெரிக்க மெதடிஸ்டுகள் இன்றும் கேட்கிறார்கள். பூரணத்தை நோக்கிப் போகிறாயா, இந்த வாழ்நாளிலேயே அன்பில் பூரணமாவாய் என்று எதிர்பார்க்கிறாயா என்பவை அவற்றில் உள்ளவை. வாலிபர்கள் சற்றுக் கூச்சத்தோடு, ஆம் என்கிறார்கள். அடைந்துவிட்டாயா என்று மட்டும் வெஸ்லி கேட்கச் சொல்லவில்லை. 652 பேரை விசாரித்தவர் அல்லவா!