ஒப்பனைக் கல்வியும் நம் குலத்தொழிலும்



செஞ்சிக் கோட்டையை அடுத்த வல்லம் முதலிய சிற்றூர்களில் வாழும் நம் மருத்துவ குலத்தார் இல்லங்களில் இக்காலத்து ஒரு வினா எழுந்துள்ளது. பத்தாம் வகுப்புத் தேறிய மகள், அழகுக்கலைப் பயிற்சிப் பள்ளியிற் சேர்ந்து அத்தொழிலிற் புக விரும்புகின்றாள். தந்தையோ, "எத்தொழிலினின்றும் விடுபட வேண்டுமென்று இரண்டு தலைமுறையாகப் பாடுபட்டோமோ, அத்தொழிலையே பணங்கொடுத்துப் படிப்பதா?" என்று தடுக்கின்றார். இருவர் கூற்றினும் நியாயம் உண்டு. ஆயினும், சினத்தாலும் நாணத்தாலும் முடிவு செய்யாது, சரித்திரத்தின் துணைகொண்டு ஆராய்ந்து முடிவு காண்டலே அறிவுடைமையாம். அதனையே ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஒப்பனை என்பது தமிழ்நாட்டில் நேற்றுத் தோன்றிய கலையன்று. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி நீராடும் நீர் பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறியதாகக் கூறப்பட்டுள்ளது. மகளிர் கூந்தலை ஐவகையாக முடித்தல் பற்றி அதற்கு ஐம்பால் என்றே பெயராயிற்று. மணிமேகலையோ, ஆடன்மகளிர் முறையாகக் கற்றுத் தேர்ந்த கலைகளை அடுக்கிக் கூறுமிடத்தில், சுண்ணம் இயற்றலையும் மலர் தொடுத்தலையும் கோலங்கொள்ளலையும் சேர்த்தே எண்ணுகின்றது. பிறரை ஒப்பனை செய்யும் மகளிர்க்கு வண்ணமகள் என்னும் அழகிய பெயரும் பழந்தமிழில் உண்டு. ஆகவே, இக்கலையை ஆசிரியரிடத்துக் கற்பது தமிழர்க்குப் புதிதுமன்று, இழிவுமன்று.

இனி, நம் முன்னோர் நிலையை நோக்குவோம். அவர் கையிற் சவரக்கத்தி மட்டும் இருந்ததில்லை. கட்டி கீறுதலும், புண்ணுக்கு மருந்திடுதலும், பச்சிலையறிந்து நோய் தீர்த்தலும் அவர்க்குரியனவாயிருந்தன. நம் குலப் பெண்டிரோ ஊரார் மக்களையெல்லாம் தம் கையில் ஏந்திய மருத்துவச்சிகள். 1909-ஆம் ஆண்டில் தர்ஸ்டன் என்பார் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய பெருநூலிலும் இது குறிக்கப்பட்டுள்ளது. மருத்துவர் என்னும் பெயர் நாம் புனைந்துகொண்டதன்று, தொழிலால் வந்ததேயாம்.

அத்தகைய மருத்துவம் நம் கையினின்றும் நழுவியது எவ்வாறு? 1835-இல் சென்னையில் மருத்துவப் பள்ளி தோன்றிற்று. 1844-இல் எழும்பூர்ப் பிரசவ மருத்துவமனையின் வரலாறு தொடங்கிற்று. 1914-இல் சென்னை மாகாணத்தில் மருத்துவர்களைப் பதிவு செய்யும் சட்டமும், 1926-இல் தாதியர், மருத்துவச்சியர் பற்றிய சட்டமும் பிறந்தன. பள்ளியிற் பயின்று பதிவு பெற்றவர் மருத்துவர் எனப்பட்டார். பரம்பரையாகக் கற்றவர் நாட்டு மருத்துவச்சி என ஒதுக்கப்பட்டார். புதிய கல்வியால் பல தாய்மார் உயிர் பிழைத்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. பள்ளிக்கதவு திறந்த நாளில் நம் பாட்டிமாரை உள்ளே அழைப்பார் இலர் என்பதே நாம் கூறுவது.

இஃது இந்நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தே, 1540-இல், நாவிதரும் அறுவை மருத்துவரும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டனர். எனினும், நாவிதர் பல் பிடுங்குவதன்றி வேறு அறுவை செய்யலாகாதென்று அச்சட்டமே விலக்கிற்று. 1745-இல் அறுவை மருத்துவர் தனியே பிரிந்தனர். அவர் வழி வந்த சங்கம் 1800-இல் அரச சாசனம் பெற்ற கல்லூரியாயிற்று. நாவிதரோ கத்தரியோடு நின்றுவிட்டனர். பிரான்சு தேசத்தில் நான்கு மன்னர்க்கு அறுவை மருத்துவராய் விளங்கிய அம்புருவாஸ் பாரே (இறப்பு 1590) என்னும் பேரறிஞர், நாவிதரிடம் தொழில் பயின்றே வாழ்வைத் தொடங்கியவர். ஒரு தொழிலுக்குப் பள்ளி ஏற்படும் காலத்து அதனுள்ளே நிற்பவன் உயர்கின்றான், வெளியே நிற்பவன் தன் தொழிலையே இழக்கின்றான் என்பது இவற்றாற் போதரும்.

இதற்கு மறுதலையான நற்சான்றும் ஒன்றுண்டு. அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் 1893-இல் மோலர் என்பவர் முடிதிருத்தும் தொழிலுக்கெனப் பள்ளி நிறுவினார். 1897-இல் மின்னசோட்டா மாநிலம் அத்தொழிலுக்கு உரிமச் சட்டம் இயற்றிற்று. அந்நாட்டில் அடிமைகளாயிருந்த பெற்றோர்க்கு 1867-இல் பிறந்து, துணி வெளுத்து வயிறு வளர்த்த கறுப்பினப் பெண்மணி ஒருவர், பின்னாளில் மேடம் வாக்கர் எனப் பெயர் பெற்றார். அவர் 1908-இல் பிட்ஸ்பர்க் நகரில் தம் மகள் பெயரால் லீலியா கல்லூரி என்னும் கூந்தற்கலைப் பள்ளியைத் தொடங்கினார். பிறர் வீட்டு வேலையன்றி வேறு வழியறியாத கறுப்பினப் பெண்கள் அங்குப் பயின்று சொந்தக் காலில் நின்றனர். 1919-இல் அவர் மறைந்தபோது அந்நாட்டின் செல்வப் பெண்மணிகளுள் ஒருவராய் விளங்கினார். கதவு திறக்கக் காத்திராது தாமே பள்ளி கட்டியதன்றோ அவர் சிறப்பு!

நம் நாட்டில் இன்று நடப்பதும் அத்தகைய மாற்றமேயாம். 1903-இல் ஜில்லெட் என்பவரின் பாதுகாப்புச் சவரக்கருவி விற்பனைக்கு வந்தது. நாள்தோறும் செய்யும் சவரம் மெல்ல மெல்ல அவரவர் கைக்கே சென்றது. பின்னர் நகரங்களிற் குளிரூட்டிய அழகு நிலையங்கள் பெருகின. அவற்றுக்கு முதலிடுவோர் பல குலத்தாரும் பெருங்கம்பெனியாருமாவர். 1950-இல் இந்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் இயங்கும் தொழிற்பயிற்சி நிலையங்களில் அழகுக்கலையும் ஓராண்டுப் பாடமாயுள்ளது. தமிழ்நாட்டரசு 2025-இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்திலும் சிகையலங்காரமும் அழகுக்கலையும் இடம்பெற்றன. பரம்பரைத் தொழிலென்னும் பெயர் போய்ப் படிப்புத் தொழிலென்னும் பெயர் வரும் இவ்வேளையில், நாம் நாணி ஒதுங்கினால் மருத்துவம் போன வழியே இதுவும் போம்.

ஆயின் தந்தையர் நெஞ்சிலுள்ள புண்ணை நாம் மறந்தோமல்லேம். தெருத் திண்ணையில் நிறுத்தி வேலை கொண்டதும், ஆண்டு முழுதும் உழைத்தார்க்கு அறுவடைக் களத்தில் அளந்த நெல்லே கூலியென்றதும், நரைத்த முதியவரையும் சிறுவர் "வாடா" என்றழைத்ததும் நம் காதிற் கேட்ட கதைகளேயன்றிக் கண்ணாற் கண்ட காட்சிகளுமாம். ஆனால் இழிவு கத்தியிலும் சீப்பிலும் இல்லை. மறுக்கவொண்ணாத ஊழியமென அதனை நம் தலையிற் சுமத்திய வழக்கத்திலேயே இருந்தது. விரும்பிக் கற்று, விலை கூறி, வேண்டாதபோது மறுக்கும் உரிமையோடு செய்யுந் தொழில் ஊழியமாகாது. அவ்வாறே, ஆசிரியராகவோ பொறியாளராகவோ ஆக விரும்பும் பிள்ளையை, 'குலத்தொழில்' என்று கூறி இதில் தள்ளுவதும் பழைய கொடுமையின் மறுபதிப்பேயாம்.

சேர விரும்புவார்க்குச் சில கூறுவாம். சிறு நகரங்களில் இத்தகைய பள்ளிகள் பல உள. எல்லாம் ஒரு தரத்தன அல்ல. பணங்கட்டுமுன், கொடுக்கப்படும் சான்றிதழ் அரசு ஏற்பு உடையதா, அன்றி அப்பள்ளியார் தாமே அச்சிட்டதா என்று வினவுக. பொம்மைத் தலையில் மட்டுமன்றி மனிதர் தலையிலும் பயிற்சி உண்டா என்று காண்க. கருவிகளைத் தூய்மை செய்யும் முறையும், தோலின் இயல்பும், மருந்துச் சரக்குகளின் குணமும் கற்பிக்காத பள்ளி பள்ளியன்று. தலைச்சாயம் சிலர் உடலுக்கு ஒவ்வாது வீக்கமும் கொப்புளமும் உண்டாக்கும். ஆதலின் இரண்டு நாள் முன்னரே காதின் பின்புறத்துச் சிறிது தடவிச் சோதித்தல் வேண்டும். இதனையறியாதார் கையில் தலையைக் கொடுப்பவர் நிலை யாதாம்! மருந்தறிந்த குலத்தில் வந்த நம் மக்கட்கு இப்பகுதி எளிதில் விளங்கும் என்பது நம் துணிபு.

செஞ்சியை ஆண்ட நாயக்கரையும், 1677-இல் அதனைக் கைக்கொண்ட சிவாஜியையும், 1714-இற் பொருது மாண்ட தேசிங்குராசனையும் சரித்திரம் பேசுகின்றது. அம்மன்னர்க்கு முடி திருத்தியவரையும், அவர் மக்களை ஏந்திய மருத்துவச்சியரையும் பேசுவாரில்லை. 2025-இல் அக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. இனிப் பல தேசத்தாரும் அதனைக் காண வருவர். அவ்வூர்க் கடைத்தெருவில் தன் பெயர் எழுதிய பலகையும், சுவரிற் சட்டமிட்ட சான்றிதழுமாக நம் பெண்ணொருத்தி நிலையம் நடத்துவாளாயின், அஃது அவள் குடும்பத்திற்கு மட்டுமன்றி நம் வரலாற்றிற்கும் ஒரு வரியாகும்.

நம் சங்கத்தார் இயன்ற அளவு பொருள் திரட்டி, ஆண்டுதோறும் இரண்டு மூன்று பிள்ளைகட்கேனும் பயிற்சிக் கட்டணம் உதவுதல் நலம். தொழிலில் முதிர்ந்த பெரியோர்கள் தாம் அறிந்த கைப்பாகங்களையும் எண்ணெய், நலங்குமாவு முதலியவற்றின் செய்முறைகளையும் எழுதி அனுப்பினால், அவை அப்பிள்ளைகட்குப் பெரிதும் பயன்படும். அவர்தம் கடிதங்களை எதிர்நோக்கியுள்ளோம்.