தடை செய்யப்பட்ட தோட்டம்

சொல் வந்த வழி – 12

‘கிண்டர்கார்டன்’ என்ற சொல்லுக்குப் பிறந்த ஆண்டும் உண்டு, ஊரும் உண்டு. ஆண்டு 1840. ஊர், ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியில் உள்ள பிளாங்கன்பர்க். பெயர் வைத்தவர் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல்.

1782-ல் பிறந்த ஃப்ரோபெல், கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயைப் பறிகொடுத்தவர். இளவயதில் வன அதிகாரி ஒருவரிடம் தொழில் பழகினார். பிறகு சுவிட்சர்லாந்து சென்று கல்வியாளர் பெஸ்டலோஸியிடம் பாடம் கேட்டார். 1837-ல் பிளாங்கன்பர்க்கில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். அதற்கு என்ன பெயர் வைப்பது? அன்றைய ஜெர்மனியில், பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட இடங்களுக்குப் ‘பாதுகாப்பு நிலையம்’ என்றே பெயர். அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. ‘பள்ளி’ என்பதும் பிடிக்கவில்லை. ஒருநாள் நண்பர்களோடு மலைப்பாதையில் நடந்து வந்தபோது, கீழே ஊரைக் கண்டதும் சட்டென நின்று ‘கிண்டர்கார்டன்!’ என்று கூவினார் என உடனிருந்த பாரோப் எழுதிவைத்திருக்கிறார்.

சொல் புதிது, உறுப்புகளோ மிகப் பழையவை. ‘கிண்ட்’ என்றால் குழந்தை. பிறப்பைக் குறிக்கும் தொன்மையான வேர் அது. நாம் வடமொழியிலிருந்து பெற்ற ஜனனம், ஜனம், ஜென்மம் எல்லாம் அதே வேரின் கிளைகள். ‘கார்டன்’ என்பதன் மூலப் பொருள் வேலியிட்ட இடம். ரஷ்ய ஊர்ப் பெயர்களில் வரும் ‘கிராட்’ இதற்கு உறவு.

ஃப்ரோபெல் வெறும் பெயரோடு நிற்கவில்லை. நிலையத் தோட்டத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு பாத்தி. பக்கத்தில் எல்லோருக்கும் பொதுவான பாத்தி. கையில் கொடுத்த முதல் விளையாட்டுப் பொருள், ஆறு நிறங்களில் கம்பளி நூலால் பின்னிய பந்துகள்.

1851 ஆகஸ்டில் பிரஷ்ய அரசு இந்தத் தோட்டங்களுக்குத் தடை விதித்தது. நாத்திகமும் சோஷலிசமும் பரப்புகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. சோஷலிசக் கருத்துகள் கொண்ட அண்ணன் மகன் கார்ல் ஃப்ரோபெலோடு இவரைக் குழப்பிக்கொண்டார்கள். மறு ஆண்டே ஃப்ரோபெல் காலமானார். தடை நீங்கியது 1860-ல்தான்.

அதற்குள் சொல் கடல் தாண்டிவிட்டது. 1856-ல் மார்கரேத் ஷுர்ஸ் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஒரு கிண்டர்கார்டனைத் தொடங்கினார். ஆங்கிலம் அந்தச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டது. அங்கிருந்து நம் எல்.கே.ஜி., யு.கே.ஜி.க்குள் ‘கே.ஜி.’யாக வந்து சேர்ந்தது.

மூன்றரை வயதுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடமும் தேர்வும் வைக்கும் இடத்துக்கு அந்த இரண்டு எழுத்துகளைச் சூட்ட நமக்கு உரிமையில்லை. பள்ளியாக இருக்கக் கூடாது என்பதற்காகவே தேடிப் பிடித்த பெயர் அது.

(தொடரும்)